ஹாலாஸ்யம் ஐயர் நிற்கிறார்

"யாராவது பார்த்தாளா?"

கிணற்றடியில் குப்புறக் கிடந்த ஹாலாஸ்யம் ஐயர் முதலில் கேட்டது இதுதான். கை ஒடிந்ததா, கால் பிசகிற்றா என்ற விசாரணையெல்லாம் அப்புறம்.

"அதோ, அந்தக் காக்கா பார்த்துது," என்றாள் அவர் மனைவி வாலாம்பாள். "அதுக்கு ஓட்டுக் கிடையாது. எழுந்திருங்கோ."

எழுந்திருப்பது சொல்வதுபோல அவ்வளவு சுலபமாக இல்லை. முழங்கையை ஊன்றினார், அது பாசியில் வழுக்கிக்கொண்டு தன் வழியே போயிற்று. துவைக்கிற கல்லைப் பிடித்தார், அதில் சவுக்காரம். கடைசியில் வாலாம்பாள் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு, ஏதோ அவளைத் தாம் தூக்கி விடுகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார்.

ஹாலாஸ்யம் ஐயர் சப்-ரிஜிஸ்திராராக இருந்து ரிடையரானவர். அந்த உத்தியோகத்தில் இருந்தவரைக்கும் அவர் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். ரிடையரான பிறகு, தாமும் கொஞ்சம் நின்று பார்ப்போமே என்று ஆசை வந்துவிட்டது. கார்த்திகையில் வரப்போகிற முனிசிபல் எலெக்ஷனுக்கு நின்றுவிட்டார். மதுரையில் எத்தனையோ மகானுபாவர்கள் எலெக்ஷனுக்கு நின்றிருக்கிறார்கள். ஆனால், வெறுமே நிற்பதற்கே சிரமப்படுகிற ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை.

எதிரே நின்றவர் வக்கீல் பட்டாபிராமன். சின்ன வயசு. கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர். கோர்ட்டுப் படியை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறுவார்; கேஸ் தோற்றுவிட்டு இறங்கும்போதும் அப்படியே.

"இது மட்டும் பட்டாபி காதில் விழுந்ததோ, 'நிற்க முடியாதவருக்கா ஓட்டு?' என்று ஊர்ச் சுவரெல்லாம் கரியால் எழுதி விடுவான்," என்றார் ஐயர், வேஷ்டியைப் பிழிந்துகொண்டே.

"எழுதட்டும். பொய் ஒண்ணும் இல்லையே," என்றாள் வாலாம்பாள். "ஐப்பசி மழையிலேர்ந்து சொல்லிண்டிருக்கேன், இந்தப் பாசியைச் சுரண்ட ஒரு ஆளை விடுங்கோன்னு. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கோங்கோ, ஒரு தடியை ஊணிக்கோங்கோன்னு. காதுல வாங்கினாத்தானே?"

"தடியா? தடியை ஊன்றிக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனால், ஓட்டுப் போடுவானா, பிச்சை போடுவானா?"

"உங்க அண்ணாவும் இப்படித்தான் வீம்பு பேசினார். சோழவந்தான்ல கொல்லைப் படியில வழுக்கி விழுந்தார். இடுப்பு முறிஞ்சு படுத்தவர்தான். அந்தக் கட்டில்லேர்ந்து நாலு பேர் தூக்கிண்டுதான் போனா."

"அண்ணாவுக்கு அறுபத்தஞ்சு ஆயிருந்தது."

"உங்களுக்கு?"

"அறுபத்து நாலுதான் நடக்கிறது."

"வயசாவது ஒழுங்கா நடக்கறதே," என்று சொல்லிவிட்டு வாலாம்பாள் உள்ளே போய்விட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ராஜாராமன் யோசனையோடு வந்தான். ராஜாராமன் ஐயருடைய தங்கை பிள்ளை. பி.ஏ. பரீட்சையை மூன்று தடவை நெருங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பி வந்தவன். மாமாவின் எலெக்ஷன் ஏஜெண்டு. அவனிடம் யோசனைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

"பாசியைச் சுரண்டினா மறுபடி வரும், மாமா. அது மேலே கோணிச் சாக்கை விரிச்சுட்டா?"

விரித்தார்கள். மறுநாள் காலையில் ஐயர் பாசியில் வழுக்கவில்லை. சாக்கின் ஓரத்தில் கால் மாட்டிக்கொண்டு, முன்பு விழுந்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தார். வாலாம்பாள் சாக்கைச் சுருட்டி எறிந்துவிட்டு, தேங்காய்மட்டையும் அடுப்புச் சாம்பலுமாக உட்கார்ந்து, கிணற்றடியைத் தானே தேய்க்க ஆரம்பித்தாள்.

"வீட்டுக்குள்ள விழறது பெரிசில்லை, மாமா. வெளியில எடுப்பா இருக்கணும்," என்றான் ராஜாராமன். எடுப்பாக இருப்பதற்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொன்னான். பழைய செருப்பைத் தள்ளிவிட்டு, முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் பம்ப் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தான். அடிப்பக்கமும் அதே பளபளப்பு. தலைக்குச் சரிகைத் தலைப்பாகை. அது இடது பக்கம் சாய்ந்தால் ஐயரும் இடது பக்கம் சாய்வார்.

இந்த அலங்காரத்தோடு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஐயர் வைக்கோல்பேட்டைத் தெருவுக்குப் புறப்பட்டார்.

வைக்கோல்பேட்டைத் தெரு வார்டின் மேற்குக் கோடி. மேற்கத்திக் கிராமங்களிலிருந்து வந்து குடியேறி, வைக்கோலும் பாலும் விற்று, வீடு கட்டி, வரியும் கட்டுகிற ஜனங்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். அவர்களில் காசிமாயன் எந்தப் பெட்டியைக் காட்டுகிறாரோ, அந்தப் பெட்டியில் தெரு முழுவதும் ஓட்டுப் போடும் என்பது ஊரறிந்த விஷயம். அப்போதெல்லாம் ஆளுக்கு ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி; ஐயருக்கு மஞ்சள், பட்டாபிராமனுக்குப் பச்சை.

காசிமாயன் வாசலில் நின்று வைக்கோல் பாரம் இறக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி செல்லத்தாய். ஐயர் ஏறி வந்த ஜட்கா வண்டி நின்றது. ஐயர் பின்பக்கமாக ஒரு காலை விட்டார். கண்ணாடி இல்லாத கண்ணுக்குச் சாக்கடையும் அதன்மேல் போட்டிருந்த கல்லும் ஒரே மட்டமாகத் தெரிந்தன. கல்மேல் காலை வைத்தார். கல்மேல் வைக்கோல்; வைக்கோல்மேல் பம்ப் ஷூ. பிறகு நடந்ததில் ஐயருக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை. தலைப்பாகை முதலிலும், அதைத் தொடர்ந்து ஐயரும், காசிமாயனை நோக்கி வேகமாகச் சென்று, அவர் கால் கட்டை விரலுக்கு நேராகப் போய் விழுந்தார்கள்.

சாஷ்டாங்கம் என்றால் எட்டு அங்கம் தரையில் படவேண்டும் என்பது சாஸ்திரம். ஐயருக்கு மூக்கையும் சேர்த்து ஒன்பது பட்டது.

பாரம் இறக்கிய ஆட்கள் வைக்கோல் கட்டைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அசை போட்டுக்கொண்டிருந்த எருமைகூட வாயை நிறுத்தியது. பி.ஏ. பரீட்சையில் ஒரு நாளும் வேலை செய்யாத ராஜாராமனுடைய மூளை அந்த ஒரு நிமிஷத்தில் வேலை செய்தது.

"மாமா ஓட்டர்களைத் தெய்வமா நினைக்கிறவர்," என்றான் அவன், கைகளைக் கூப்பி. "மீனாட்சி சன்னிதியிலயும் இப்படித்தான் விழுவார்."

காசிமாயன் குனிந்து பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏலே, எல்லாரும் பார்த்துக்கிடுங்க. பத்திரம் பதியப் போனா நம்மளை வாசப்படிக்கு வெளியிலேயே நிக்க வச்ச ஐயரு. இன்னிக்கு நம்ம வாசல்ல வந்து விழுந்து கெடக்காரு."

"எந்திரிங்க சாமி," என்றார் பிறகு. ஐயர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பதே உண்மை. அதை ராஜாராமன், "வாக்குக் குடுத்தாத்தான் எழுந்திருப்பார்," என்று தெருவுக்குப் பெயர்த்துச் சொன்னான். காசிமாயன் வாக்குக் கொடுத்தார். இரண்டு ஆள் சேர்ந்து ஐயரை நிமிர்த்தி, வைக்கோல் கட்டின்மேல் உட்கார வைத்து, மோர் கொடுத்தார்கள்.

செல்லத்தாய், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவள்போல ஐயரைச் சுற்றி வந்து பார்த்தாள். அவளுக்கும் தனியாக ஒரு வீடு உண்டு, வரி உண்டு, ஆகவே ஓட்டும் உண்டு.

"சாமிக்கு என்ன வயசாகுது?"

"அறுபத்து நாலு."

"கூடப் பொறந்த ஆம்பளைக?"

"ஒரே ஒரு அண்ணா இருந்தார். விழுந்து படுத்தார், போய்விட்டார்."

"அடப் பாவமே. அவுகளுக்கு அப்ப எம்புட்டு வயசு?"

"அறுபத்தஞ்சு."

"உங்களுக்கு அந்த வயசு எப்ப வருது?"

"வருகிற தையில்."

"தையிலயா," என்றாள் செல்லத்தாய், கனிவாக. "நல்லா இருங்க சாமி. நெஞ்சு கிஞ்சு படபடன்னு அடிக்குமா?"

மாடி ஏறினால் அடிக்கும் என்று ஐயர் ஒத்துக்கொண்டார். தம் உடம்பைப்பற்றி இத்தனை அக்கறையாக அதுவரை யாருமே விசாரித்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. வாலாம்பாள் விசாரிப்பதில்லை, கட்டளைதான் இடுவாள். ஜட்காவில் திரும்பும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தாயாடா, ராஜாராமா? என்ன வாஞ்சை. நம் தெருவில் எவனாவது என் நெஞ்சைப்பற்றிக் கேட்டிருப்பானா?"

"அது இருக்கட்டும் மாமா. நாளைக்குப் பால்காரத் தெரு. எப்படி விழுந்தேளோ, அப்படியே விழணும்."

செய்தி ஐயருக்கு முன்னால் தெருத் தெருவாகப் போய்விட்டது. போகிற இடமெல்லாம் ஜனங்கள் வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, ஐயர் விழுவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஜமக்காளமே விரித்திருந்தார்கள். வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஐயர் ஒரு வாசலில் பார்த்தார். "ஏன் சாமி, காசிமாயன் வாசல்ல விழுந்தீங்கள்ல, எங்க வாசல்ல என்ன, தோசமா?" என்று கேட்டுவிட்டார்கள். விழுந்தார். ஐயர் எத்தனை தடவை விழுகிறாரோ, அத்தனை ஓட்டும் விழும் என்பது ராஜாராமனுடைய தத்துவம்.

அவர் விழுந்ததும் பிடித்துத் தூக்குகிறவர்கள் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். கையைப் பிடித்து நாடி பார்ப்பார்கள். "ராத்திரி தூக்கம் வருதா? பசி எடுக்குதா?" என்பார்கள். வருவதில்லை, எடுப்பதில்லை என்று ஐயர் சொன்னால், "ச்சு" கொட்டிக்கொண்டே, "எங்க ஓட்டு உங்களுக்குத்தான்" என்பார்கள்.

விழுவதற்குத் துணையாக மற்றக் கைங்கரியங்களையும் ராஜாராமன் விட்டுவைக்கவில்லை. வைக்கோல்பேட்டைத் தெருக் கோடியில் ஒரு பந்தல். அதில் விடிந்ததிலிருந்து காப்பி, இட்டிலி, சோழவந்தான் கொழுந்து வெற்றிலை. ஓட்டர்கள் வீட்டுப் பெண்டுகள் கோயிலுக்குப் போகவும் வரவும் ஜட்கா. செல்லத்தாய் தினமும் பந்தலுக்கு வந்து காப்பி சாப்பிட்டாள். ஒரு நாள் ராஜாராமனைக் கேட்டாள்:

"ஏந் தம்பி, இந்தக் காப்பி, வெத்தலை, வண்டி எல்லாம் எலெக்சன் முடிஞ்சா நின்னு போயிருமா?"

"ஆமா. அடுத்த எலெக்ஷன் வரப்போ மறுபடி உண்டு."

"அது எப்ப வரும்?"

"மூணு வருஷம் ஆகும்."

"அம்புட்டு நாளா," என்றாள் செல்லத்தாய். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

பட்டாபிராமன் சும்மா இருப்பாரா? அவரும் விழ ஆரம்பித்தார். டென்னிஸ் உடம்பு, வாசலுக்கு வாசல் சடாரென்று விழுவார், விழுந்த சுவடு தெரியாமல் பந்து மாதிரி எழும்பி நிற்பார். வேஷ்டியில் தூசிகூட ஒட்டாது. வைக்கோல்பேட்டைத் தெரு அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"விழுறது என்னமோ நல்லாத்தான் விழுறாரு," என்றார் காசிமாயன். "ஆனா விழுந்த வேகத்துல எந்திரிச்சுப்புடுறாரே. நம்பிக்கை வர மாட்டேங்குது. ஐயரு விழுந்தாருன்னா, அதுல ஒரு இது இருக்கு."

இப்படியாக ஐயருடைய கீர்த்தி உயர உயர, முழங்கால்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. ஒரு நாள் சாயங்காலம் வாலாம்பாள் அவற்றுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னும் எத்தனை தெரு பாக்கி இருக்கு?"

"இருக்கிறது. அதற்கென்ன இப்போது?"

"இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

ஐயர் திடுக்கிட்டார். சப்-ரிஜிஸ்திரார்கள் வீடு கட்டினால் பெண்டாட்டி பேரில் கட்டுவது என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. வீடு வாலாம்பாள் பேரில். வரி வாலாம்பாள் பேரில். ஆகவே அந்த வீட்டு ஓட்டும் வாலாம்பாளுக்குத்தான்.

"ஊரெல்லாம் போய்க் கேட்டேள். என்னை ஒரு வார்த்தை கேட்டேளா? பச்சைப் பெட்டி பார்க்க லட்சணமா இருக்காம். நான் அதிலே போட்டுட்டு வந்துடறேன்."

"வாலாம், விளையாடாதே. ஆத்துக்காரியே போடவில்லை என்றால் ஊர் சிரிக்கும்."

"அப்போ நான் சொல்றபடி நில்லுங்கோ."

இந்த ஒப்பந்தத்தை ஐயர் பதிவு செய்யவில்லை. ஆனால் நிறைவேற்ற வேண்டி வந்தது. பம்ப் ஷூ பாத்திரக்காரனுக்குப் போய், தாளிக்கிற இலுப்பக்கரண்டியாகத் திரும்பி வந்தது. மூக்குக் கண்ணாடி மூக்குக்கு வந்தது. விடியற்காலையில் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். பிறகு கம்பியை விட்டுவிட்டு நிற்கவேண்டும். முற்றத்து ஓரக் கல்வரிசையில், ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலில் இடிக்கிறமாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கவேண்டும். மணையில் உட்கார்ந்தால் தரையில் கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்காவிட்டால் இலையில் அடுத்தது விழாது.

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார் ஐயர், கொக்காக நின்றபடி.

"இதுக்கு ஒரு வாத்தியாரா? விடிஞ்சா கோலம் போடக் குனியறேன். கிணத்துல இறைக்கறேன். அரைக்க உட்கார்றேன், பரிமாற எழுந்திருக்கறேன். நீங்க ஆபீசுல நாற்காலியில உட்கார்ந்தேள், ஆத்துக்கு வந்து ஊஞ்சல்ல உட்கார்ந்தேள். உங்களுக்கு முன்னாடியே உங்க கால் பென்ஷன் வாங்கிண்டுடுத்து."

சமையலறைப் புகையில் இருமல் வந்ததால், ஐயர் இந்தச் சாதகத்தை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே அவர் ஒற்றைக் காலில் நிற்பதை எதிர்வீட்டு மாடியிலிருந்து பட்டாபிராமனுடைய குமாஸ்தா பார்த்துவிட்டான். ஓடிப்போய் எஜமானரிடம் சொன்னான்:

"சார், மெம்பராகணும்னு ஐயர் ஒத்தைக் கால்ல நிக்கறார்."

"தெரிஞ்ச விஷயம்தானே," என்றார் பட்டாபிராமன், கேஸ் கட்டிலிருந்து தலை தூக்காமல்.

"இல்லை சார், நிஜமாவே ஒத்தைக் கால்ல நிக்கறார்."

"நிஜமாத்தான் நிப்பார். பின்னே பொய்யாவா நிப்பார்? போய் வேலையைப் பாரு."

ஐயரைக் கவிழ்க்க அகப்பட்ட ஒரே ஒரு நல்ல சமாசாரமும் இப்படித் தமிழ்ப் பாஷையால் வீணாகிவிட்டது.

இரண்டு வாரம் போயிற்று. ஐயருக்கே ஆச்சரியமாக இருந்தது. கிணற்றடியில் கையை வீசிக்கொண்டு நடந்தார். மாடிப்படியில் கைப்பிடியை மறந்தார். பசி எடுத்தது, தூக்கம் வந்தது. மணையிலிருந்து, எழுந்திருக்கிறோம் என்ற ஞாபகமே இல்லாமல் எழுந்திருந்தார். வாலாம்பாள் ரசத்தை இரண்டாவது தடவை ஊற்றிவிட்டு, அவருக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அன்று அவர் கிணற்றடியில் கிடந்த கோலத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஞாபகம் வந்தது காக்கா இல்லை, சோழவந்தான் கட்டில்தான். தான் பயந்துபோனதை மட்டும் அவள் அன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

எலெக்ஷனுக்கு முதல் நாள், கடைசிச் சுற்றாக மறுபடி வைக்கோல்பேட்டைத் தெரு. தெரு முழுவதும் கூடியிருந்தது. அதே கல், அதே வைக்கோல். ஐயர் ஜட்காவிலிருந்து இறங்கினார். கால் சர்ரென்று வழுக்கிற்று. கூட்டம் ஆவலோடு ஒரு அடி முன்னால் வந்தது.

ஐயர் விழவில்லை. வலது கால் தானாக மேலே போயிற்று. இடது கால் தானாக ஊன்றிக்கொண்டது. கைகள் இரண்டும் தாமாக விரிந்தன. வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடுகிற நடராஜர் எப்படி நிற்கிறாரோ, அப்படி நின்றார்.

ஒருவரும் கை தட்டவில்லை. செல்லத்தாயின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சாமி, விழலையா?" என்றார் காசிமாயன்.

"விழுங்கோ மாமா," என்று ராஜாராமன் காதோடு சொன்னான்.

"வர மாட்டேன் என்கிறதடா."

"சும்மா சாஞ்சு பாருங்கோ."

ஐயர் சாய்ந்தார். கால் அவரைக் கேட்காமல் ஒரு அடி முன்னே போய்த் தாங்கிக்கொண்டது. பின்னால் சாய்ந்தார், பின்னாலும் தாங்கிக்கொண்டது. நல்ல வேளையாகத் தெரு இதை ஏதோ தள்ளாட்டம் என்றே எடுத்துக்கொண்டது. ஆனாலும் நேரமாக ஆக, கூட்டத்தில் இரண்டொருவர் பச்சைப் பெட்டியைப்பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ராஜாராமன் பொறுக்கமாட்டாமல், குடையின் வளைந்த பிடியை மாமாவின் கணுக்காலில் மாட்டி ஒரு இழு இழுத்தான்.

தமது எலெக்ஷன் வாழ்க்கையிலேயே தலைசிறந்த விழுகையை ஐயர் அன்று விழுந்தார். இந்தத் தடவை அவரைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ஏனென்றால் இடது கை ராஜாராமனுடைய குடுமியைப் பிடித்திருந்தது.

"அதானே பார்த்தேன்," என்றாள் செல்லத்தாய், நெஞ்சில் கையை வைத்து. "பாவம், சாமிக்கு ரொம்பத்தான் முடியலை." தெரு முழுவதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

மறுநாள் வைக்கோல்பேட்டைத் தெரு ஜட்கா ஜட்காவாக வந்து மஞ்சள் பெட்டியை நிரப்பியது. பாயோடு படுத்திருந்தவர்களைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாலாம்பாளும் மடிசாரோடு வந்து, பேச்சு மாறாமல் மஞ்சளில் போட்டாள். பட்டாபிராமனுடைய பெட்டியில் அவருடைய கிளப்பும், குமாஸ்தாவும், அவருக்குக் கேஸ் கொடுத்துத் தோற்காதவர்கள் சிலரும் இருந்தார்கள்.

வெற்றி ஊர்வலம் மேளதாளத்தோடு நேரே வைக்கோல்பேட்டைத் தெருவுக்குப் போயிற்று. காசிமாயன் ரோஜா மாலை போட்டார். "சாமி ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்கள். ஒரு பெஞ்சியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஐயர் ஏறினார், தாங்கலுக்கு ஒரு பக்கம் ராஜாராமனும், மறு பக்கம் காசிமாயனும் ஏறினார்கள். பெஞ்சிக்கு ஒரு கால் ஏற்கெனவே ஆட்டம். மூன்று பேர் ஏறினதும் அது தன் தீர்மானத்துக்கு வந்துவிட்டது.

காசிமாயன் வைக்கோலில் போய் விழுந்தார். ராஜாராமன் தவுல்காரர் மடியில் விழுந்தான். ஹாலாஸ்யம் ஐயர் மட்டும் கழுத்து மாலை கலையாமல், சரிகைத் தலைப்பாகை சரியாமல், தெரு நடுவில் இரண்டு காலாலும் வந்து இறங்கி, ஆணி அடித்ததுபோல நின்றார். பிறகு, இருக்கட்டுமே என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியும் நின்று காட்டினார்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பொய் சொல்லி ஜெயித்தது மனசில் உறுத்திக்கொண்டும் இருந்தது. இத்தனை வாஞ்சை வைத்த ஜனங்களிடம் இனி எதற்கு ஒளிக்கவேண்டும்?

"மகா ஜனங்களே," என்றார். "உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நான் உங்கள் காலில் விழவில்லை. வழுக்கித்தான் விழுந்தேன். அப்போது எனக்கு நிற்கவே திராணி இல்லை. இப்போது பாருங்கள். என் ஆத்துக்காரி தயவில் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, மாடி ஏறினால் நெஞ்சு அடிப்பதில்லை. இந்தத் தை என்ன, இன்னும் இருபது தை இதே வார்டில் இப்படியே நிற்பேன். நீங்கள் கொஞ்சங்கூடக் கவலைப்பட வேண்டாம்."

தவுல் நின்றுவிட்டது. வைக்கோலிலிருந்து எழுந்த காசிமாயன் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தெருக் கோடிப் பந்தலில் ஆட்கள் காப்பி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தூக்கின கால் இறங்காமல் நின்றுகொண்டிருந்த ஐயரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சாமி, இப்படி மோசம் பண்ணிப்புட்டீங்க? மெம்பரு மண்டையைப் போட்டா நடுவுலயே இன்னொரு எலெக்சன் வரும், மறுபடி காப்பியும் வண்டியும் வரும், நீங்க தை தாண்ட மாட்டீங்கன்னு நம்பித்தானே அம்புட்டுப் பேரும் உங்களுக்குப் போட்டோம்."